எடை காட்டும் முள்ளும் எடை போடும் நாக்கும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அழைத்தபோது, "உன் துறையைப் பத்தி ஏதாவது பேசுப்பா, இருபது நிமிஷம் போதும்" என்றார். என் துறை அளவுக் கருவிகள். எடை, அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றை அளக்கும் கருவிகளோடு பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஆகவே எடையைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். சிமெண்ட் மூட்டையின் எடையைப் பற்றி அல்ல. பிள்ளை பெற்ற பெண்ணின் எடையைப் பற்றி. 'ஆம்பளைக்கு இதுல என்ன பேச்சு?' என்று சிலர் நினைக்கலாம். அந்த எடையைப் பற்றி அதிகம் பேசுவது நாம்தானே! அதனால் ஒரு தடவை யோசித்துப் பேசிப் பார்ப்போம் என்றுதான்.

இன்று காலை பதிவு மேசைக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். ரொம்ப நாள் கழித்துச் சந்திப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'சௌக்கியமா?' என்பது இரண்டாவதுதான். முதல் வார்த்தை, 'என்னடா, இப்படி ஊதிட்டே!' ஆண்கள் தொப்பையைத் தட்டிச் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறோம். அதே வார்த்தை ஒரு பெண்ணின் காதில் விழும்போது அவ்வளவு சுலபமாகக் கரைவதில்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருவர். மெக்கானிக்கலில் எங்கள் எல்லோரையும் விட நன்றாகப் படித்தவர். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். ஒரு வருஷம் சந்திப்புக்கு அழைத்தபோது, "இந்தத் தடவை வேண்டாம்ப்பா, கொஞ்சம் உடம்பைக் குறைச்சிட்டு அடுத்த தடவை வர்றேன்" என்றார். அடுத்த வருஷமும் அதே பதில். இந்த மண்டபத்தில் நமக்கு வயது தடையில்லை, பதவி தடையில்லை, அரியர் வைத்துப் போனதுகூடத் தடையில்லை. ஒரு தாய்க்கு மட்டும் அவர் எடை தடையாக நிற்கிறது. இந்தப் பேச்சை எடுக்க எனக்கு அதுவே காரணம். அவரிடம் அனுமதி கேட்டேன். "கதையைச் சொல்லு, பேரைச் சொல்லாதே" என்றார். அவர் இன்று வந்திருக்கிறாரா என்று யாரும் திரும்பித் தேட வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாமெல்லாம் எஞ்சினியர்கள்; கணக்கு இல்லாமல் நம்ப மாட்டோம். சரியான எடையில் இருக்கும் ஒரு பெண் கர்ப்ப காலத்தில் சுமார் 12 கிலோ கூடுவது இயல்பு. அந்த 12 கிலோ எங்கே போகிறது? குழந்தை மூன்று கிலோ சொச்சம். நச்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல். பனிக்குட நீர் ஏறக்குறைய ஒரு கிலோ. கருப்பை ஒரு கிலோ. உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவே சுமார் 40 முதல் 50 சதவீதம் கூடிவிடுகிறது. மீதி, உடம்பு சேர்த்து வைக்கும் நீரும் கொழுப்பும். அந்தக் கொழுப்பு, பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடம்பு முன்கூட்டியே கட்டி வைக்கும் சேமிப்பு நிதி. பிரசவம் ஆனதும் ஒரு கிலோ கருப்பை ஆறு வாரத்தில் 60 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எந்த ஒர்க்ஷாப்பிலும் இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லாமே அப்படித் திரும்பிவிடுவதில்லை. வயிற்றின் நடுவே இரண்டு தசைப் பட்டைகள் விலகி நிற்கும்; சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும். தோல் தளர்ந்திருக்கும். சிலருக்குப் பாதம்கூடக் கொஞ்சம் நீண்டு, பழைய செருப்பு சேராமல் போவதுண்டு.

நம் தோழிக்குக் கல்யாணத்தின்போது எடை 54 கிலோ. உயரம் 160 சென்டிமீட்டர். முதல் குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் பெயர் சூட்டு விழா. வந்தவர்கள் தொட்டிலைப் பார்த்துவிட்டு அடுத்துப் பார்த்தது இவரைத்தான். "என்னம்மா, ஆளே மாறிட்டே?", "வயித்தைக் கட்டலையா?", "லேகியம் ஜாஸ்தியோ?" பத்தியம் என்று பூண்டும் பால் சுறாவும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுத்தவர்களும், 'குண்டாயிட்டாளே' என்று சொன்னவர்களும் ஒரே ஆட்கள்!

அன்று ராத்திரியே சாதத்தை விட்டார். காலையில் இரண்டு இட்லி, ராத்திரி கஞ்சித் தண்ணீர். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கூட வேண்டிய இடத்தில் இவர் குறைத்தார். தலைசுற்றல், முடி கொட்டுதல், எதற்கெடுத்தாலும் கோபம். ஆறு கிலோ குறைந்தது. வேலைக்குத் திரும்பிய வருஷத்திலேயே எட்டுக் கிலோ ஏறியது. ஏன் ஏறாது? ராத்திரி மூன்று தடவை எழுந்து, காலையில் ஓடி, குழந்தை மிச்சம் வைத்த தோசையை 'வீணாப் போகுதே' என்று நின்றபடி வாயில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கும் பெண்ணுக்கு, 'டயட்' என்பது இன்னொரு வேலை. அதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வரும்?

இரண்டாவது கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது. இந்த இடத்தில் நாம் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு 2007-இல் கட்டாயமாக்கியது. அதற்குப் பின்னால் சென்னை டாக்டர் வி. சேஷய்யா அவர்களின் உழைப்பு இருந்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை. வெறும் வயிற்றோடு பஸ்ஸில் அலைய வேண்டாத எளிய முறை. நம் தோழிக்கும் அதில்தான் தெரிந்தது. கர்ப்பத்தில் வரும் இந்தச் சர்க்கரை பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும். ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு வரை அதிகம் என்று 2009-இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது.

பிரசவத்துக்குப் பிறகு எடை 74 கிலோவில் நின்றது. டாக்டர் அம்மா சொன்னது இதுதான்: "அழகுக்காகக் குறைக்கச் சொல்லலை. உன் சர்க்கரைக்காக, முட்டிக்காக, நீ நிம்மதியாத் தூங்கறதுக்காகக் கொஞ்சம் குறைக்கணும். அவசரமே இல்லை. பட்டினி வேண்டாம்." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் தன் எடையைத் தன்னோடு சேர்த்துத் திட்டாமல் பேசினார் என்கிறார் தோழி.

இப்போது என் துறைக்கு வருகிறேன். ரயில்வே ஸ்டேஷனில் அந்தக் காலத்தில் எடை இயந்திரம் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? விளக்கெல்லாம் மின்னும், சக்கரம் சுற்றும். காசு போட்டால் ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். அந்த இயந்திரம் இப்போது அநேகமாக மறைந்துவிட்டது. ஆனால் நம் பழக்கம் மாறவில்லை. முள் காட்டுகிற எண்ணின் முதுகில் நாமே ஜோசியம் எழுதிவிடுகிறோம்: 'சோம்பேறி', 'கட்டுப்பாடு இல்லாதவள்', 'தன்னைக் கவனிச்சுக்கத் தெரியாதவள்'. இயந்திரம் அளப்பது தன் மேல் விழும் விசையை. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

உயரத்துக்கேற்ற எடை என்று பி.எம்.ஐ. கணக்கு ஒன்று சொல்கிறார்களே, அதன் கதையும் சுவையானது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. இதைக் கண்டவர் டாக்டர் அல்ல. 1830-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற வானியல், புள்ளியியல் அறிஞர். அவர் தேடியது 'சராசரி மனிதனை'. தனி ஒருவரின் கொழுப்பை அல்ல. 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க அறிஞரும் சகாக்களும் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அந்த ஆய்வில் அளக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்! 2004-இல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே ரீடிங், இரண்டு வேறு உடம்பு. கூட்டத்தை மொத்தமாகப் பார்க்க அந்தக் கணக்கு உதவும். ஒருவரை மட்டும் பார்க்கும்போது அது முதல் கேள்வி. கடைசி விடை ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. பெரும்பாலோர் ஆண்கள். நடையையும் சாப்பாட்டையும் ஒழுங்கு செய்தவர்களுக்கு மூன்று வருஷத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. விசேஷம் என்னவென்றால், அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. முள் அசையவில்லை, உள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது! 'ஒரு மாசம் நடந்தும் ஒரு கிலோ குறையலையே' என்று ஷூவைக் கழற்றி மூலையில் போட்ட தாய்மார்கள் இதைக் கேட்க வேண்டும்.

நம் தோழி ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டார். தட்டில் சாதத்தைப் பாதியாக்கிப் பொரியலையும் பருப்பையும் கூட்டினார். குழந்தை மிச்சத்தை வாயில் போடுவதை நிறுத்தினார். விடியற்காலை ஐந்தரைக்குத் தெருவில் நாற்பது நிமிஷ நடை. அந்த நாற்பது நிமிஷமும் குழந்தைகள் அவர் கணவர் பொறுப்பு. அதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நாற்பது நிமிஷம் கிடைக்காதவரை எந்த டயட்டும் நடக்கவில்லை. 74 கிலோ 63 ஆனது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. கணக்குப்படி பி.எம்.ஐ. 24.6. இந்தியர்களுக்கு 23-இலிருந்தே கூடுதல் எடை என்று சொல்லும் அட்டவணையில் அவர் இன்னும் 'கூடுதல்'தான். டாக்டர் அம்மா, "இது போதும், இதைக் காப்பாத்து" என்றார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. இப்போது ஊர் வேறு பாட்டைப் பாடியது. "என்னாச்சு, ஏதாவது வியாதியா?", "முகமே வத்திப்போச்சே, பழைய களை இல்லையே." கூடினாலும் பேச்சு, குறைந்தாலும் பேச்சு. அதைவிட அவரை உலுக்கியது வீட்டுக்குள் நடந்தது. ஏழு வயது மகள் டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நானும் உன்னை மாதிரி குறைக்கிறேம்மா. என் வயிறும் அசிங்கமா இருக்கு" என்றாள். அந்த வார்த்தை பள்ளிக்கூடத்தில் கற்றது அல்ல. கண்ணாடி முன் நின்று அம்மா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வார்த்தை.

அன்றைக்கு அவருக்குப் புரிந்ததை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்: "எடை குறைஞ்சா எனக்கு என்னைப் பிடிச்சிடும்னு நினைச்சேன். பதினோரு கிலோ குறைஞ்ச பிறகும் கண்ணாடியில முதல்ல தெரிஞ்சது வயித்துத் தழும்புதான். எடையைக் குறைக்கிறது ஒரு வேலை, உடம்போட சமாதானம் ஆகிறது இன்னொரு வேலைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. முதல் வேலை முடிஞ்சா ரெண்டாவது தானா முடியும்னு இத்தனை நாள் காத்திருந்தேன்."

நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது மொத்தமும் இந்த நாலு வரிதான்.

இரண்டாவது வேலையை அவர் எப்படிச் செய்தார்? பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஹாலில் இருந்த எடை இயந்திரத்தை பீரோ மேல் ஏற்றினார். மாதம் ஒரு தடவைதான் இறக்குவது. 'ஒரு நாள் சேரும்' என்று பத்து வருஷமாக மடித்து வைத்திருந்த கல்யாணப் பிளவுஸ்களைத் தங்கைக்குக் கொடுத்தார். இன்றைய அளவுக்குத் தைத்துக்கொண்டார். மகள் எதிரில் தன் உடம்பைத் திட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார். தழும்பைப் பற்றி மகள் கேட்டபோது, "நீயும் தம்பியும் குடியிருந்த வீடு, கொஞ்சம் விரிசல் இருக்கத்தான் செய்யும்" என்றாராம். மகள் மறுநாள் டிபனைக் காலி செய்தாள் என்று சொல்ல ஆசைதான். இரண்டு மூன்று மாதம் ஆயிற்று.

மாணவர்கள் லேபில் ஸ்டீல் கம்பியை இழுத்துப் பார்த்திருப்பீர்கள். ஓர் அளவு வரை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் திரும்பாது. கொஞ்சம் நீண்டே நிற்கும். ஆனால் அதே கம்பியை மறுபடி இழுத்தால் முன்னைவிட அதிகச் சுமை தாங்கிய பிறகுதான் விட்டுக்கொடுக்கும். சுமை தாங்கிய ஸ்டீலைப் பார்த்து 'பழைய ஷேப் எங்கே?' என்று யாரும் கேட்பதில்லை. உலகத்துக்கே அளவாக 1889-இலிருந்து பாரிஸ் அருகே வைத்திருந்த தரக் கிலோவும் 130 வருஷத்துக்குப் பிறகு 2019-இல் ஓய்வு பெற்றுவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் மட்டும் கல்யாணத்தன்று இருந்த கிலோவிலேயே நிற்க வேண்டுமாம்!

எடைக்கும் தாய்மைக்கும் நடுவே தலைநிமிர்ந்து நின்ற ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம். மணிப்பூரின் மேரி கோம். 2007-இல் இரட்டைக் குழந்தைகள் பெற்றார். 2008-இல் 46 கிலோ பிரிவில் உலகச் சாம்பியன். 2010-இல் 48 கிலோவில். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் பெண்கள் குத்துச்சண்டையின் குறைந்தபட்சப் பிரிவே 51 கிலோ. ஆகவே உடம்பை அதற்கேற்ப ஏற்றி, தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களோடு மோதி வெண்கலம் வென்றார். 2013-இல் மூன்றாவது குழந்தை. 2014-இல் ஆசிய விளையாட்டில் தங்கம். 2018-இல் மறுபடி 48 கிலோவில் ஆறாவது உலகப் பட்டம், 35 வயதில். 46, 48, 51, திரும்ப 48. எண் ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு தடவையும் தன் வேலைக்கு எது தேவையோ அதற்காக. மற்றவர் வாய்க்காக அல்ல. நம் தோழியர் எல்லோரும் குத்துச்சண்டை போட வேண்டியதில்லை. 'என் எடை எதற்காக?' என்ற கேள்வியை அவரவரே கேட்டு அவரவரே பதில் சொல்லும் உரிமை போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்பிவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூச்சுத் திணறல், முட்டி வலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவத்துக்குப் பிறகும் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எடைக் குறைப்பு ஊசிகள் 2025-இல் நம் நாட்டில் புதிதாக வந்து எங்கும் அதே பேச்சு. தேவைப்படுபவர்களுக்கு அவை மருந்து, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல், பக்கத்து வீட்டம்மா சொன்னார் என்று போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அவை ஆகாது. பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இனி வேண்டுகோள்கள். ஆண் நண்பர்களே, மனைவிக்கு எடை குறைக்க யோசனை சொல்லும் முன் நாற்பது நிமிஷம் கொடுங்கள். ராத்திரி ஒரு தடவை நீங்கள் எழுந்திருங்கள். நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கும் சீனியர்களே, 1961 சட்டம் தந்த 12 வார மகப்பேறு விடுப்பை 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் இடத்தில் அது இருக்கிறதா, அல்லது காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று திங்கட்கிழமை போய்ப் பாருங்கள். மாணவிகளே, ஹாஸ்டலில் காலை டிபனை விடுவதை ஒரு சாதனையாகப் பேசிக்கொள்ளாதீர்கள். மாணவர்களே, பட்டப்பெயர் வைக்க உடம்பைத் தவிர ஆயிரம் விஷயம் இருக்கிறது. நம் கல்லூரியில் அதற்குப் பஞ்சமே இல்லை.

தாய்மார்களாகிய தோழியரே, உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு தகவல் மட்டும்: வருகைப் பதிவேட்டில் பெயர், வருஷம், பிரிவு என்று மூன்று கட்டம்தான் இருக்கிறது. எடைக்குக் கட்டம் இல்லை. நான் சரிபார்த்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. இன்று பந்தியில் யார் எத்தனை ஜாங்கிரி எடுக்கிறார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.